இல்காவுக்குப் பொறாமையே கிடையாது

அவள் குண்டாகியிருக்க வேண்டும். அல்லது முன்பல் ஒன்று போயிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், பேசும்போது எதிரில் நிற்பவர் முகத்தில் எச்சிலாவது தெறிக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் நான் அவளிடம் மனதார அன்பாக இருப்பேன்.

பிரேமன் ரயில் நிலையத்தில், எம்டனிலிருந்து வரும் வண்டிக்காகக் காத்து நின்றபோது இல்கா இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. நடைமேடைக் கூரை முடிகிற இடத்தில் தூறல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

வருகிறவள் பெயர் ஃபென்னா. ரெம்மரோடு கடற்கரைக் கிராமத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவள். இல்காவும் ரெம்மரும் ஏழு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். இத்தனை வருடத்தில் இல்கா ஃபென்னாவை நேரில் பார்த்ததில்லை. ஃபென்னா முதலில் நார்வேயிலும் பிறகு ராட்டர்டாமிலும் இழுவைப் படகுகளில் பொறியாளராக இருந்தாள். அவள் விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் இல்காவுக்கு வேலை இருந்தது, அல்லது வேலை இருப்பதாக இல்கா சொன்னாள். கைபேசித் திரையில் பார்த்திருக்கிறாள். எப்போதும் புருவம்வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, மூக்குவரை ஏற்றிய கழுத்துச் சால்வை. நடுவில் தெரிந்த கொஞ்சம் முகத்தை இல்கா படித்த அளவுக்கு வேறு யாருடைய முகத்தையும் படித்ததில்லை.

மறுநாள் ரெம்மருக்கு முப்பது வயது. அதற்குத்தான் வருகிறாள். ஆனால் அதற்கு மட்டுமல்ல. ஏப்ரலிலிருந்து ஃபென்னாவுக்கு இந்த ஊர்த் துறைமுகத்திலேயே வேலை. வீடு கிடைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ரெம்மர் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"மாடில அந்தச் சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு. வீடு கிடைக்கிற வரைக்கும் ஃபென்னா இருந்துக்கட்டுமே. கோடை வந்தா போயிடுவா. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அவன் ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "யோசிக்கணுமா? சரி, யோசி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

இல்கா யோசிக்க வேண்டியிருப்பது அவனுக்குப் புதிது. மற்றவர்கள் தங்கள் துணையைப் பற்றி நன்றாகச் சமைப்பாள், நன்றாக வண்டி ஓட்டுவாள் என்று சொல்வதுபோல ரெம்மர் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லுவான்: "இல்காவுக்குப் பொறாமையே கிடையாது." சொல்லும்போது அவள் தோளில் கை போடுவான். அவனோடு முன்பு இருந்தவள் அவனுடைய கைபேசியை நோண்டியவள், சட்டையை முகர்ந்து பார்த்தவள். பழகிய முதல் மாதத்தில் அதைச் சொல்லி அவன் அலுத்துக்கொண்டபோது, "எனக்கு அந்த வியாதி இல்ல" என்றாள் இல்கா. அது பொய்யில்லை. பொய்யாகிற அளவுக்கு அவனை அப்போது அவள் நேசித்திருக்கவில்லை.

வண்டி வந்தது. ஃபென்னா தொப்பி இல்லாமல் இறங்கினாள். குட்டையாக வெட்டிய முடி, நெற்றிக்கு மேலே ஒரு கொத்து இப்போதே நரைத்திருந்தது, அதை மறைக்கும் முயற்சி எதுவும் இல்லை. அகலமான தோள்கள். பல் எல்லாம் இருந்தது. இல்காவைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டு தரையிலிருந்து சற்றுத் தூக்கியே விட்டாள்.

"நீதான் இல்காவா! ஃபோன்ல பாத்ததைவிட உயரமா இருக்கியே. எங்க நம்ம சோம்பேறி?"

"வேலையில. சாயங்காலம்தான் வருவான்."

"நல்லதாப்போச்சு. அவன் வர்றதுக்குள்ள அவனைப் பத்திப் பேசித் தீத்துடலாம்."

இல்கா சிரித்துவிட்டாள். அதுதான் அவளுக்கு விழுந்த முதல் அடி. சிரிக்கக்கூடாது என்று வந்திருந்தாள்.

*

சந்தைச் சதுக்கத்தில் யோஸ்ட் காத்திருந்தான். ரெம்மரின் நண்பன், இந்தப் பிறந்தநாள் ஏற்பாட்டின் தளபதி. நாளைய காரியத்துக்காக இடத்தைப் பார்த்துவைக்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தான். டிராமிலிருந்து இறங்கி நடந்தபோது, சதுக்கத்தின் நடுவில் நூற்றாண்டுகளாக வாளோடு நிற்கும் கல் வீரனுக்கு முன்னால் ஃபென்னா நின்றுவிட்டாள். அவன் முழங்கால்களில் இரண்டு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும்.

"இது என்ன, முட்டியில கூரா?"

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் இந்த ஊர் முழம்," என்றாள் இல்கா. "அந்தக் காலத்துல கப்பல்ல துணி வந்து இறங்கும். வாங்கினவங்களுக்கு ஏமாந்துட்டமோன்னு சந்தேகம் வந்தா இங்க கொண்டுவந்து வச்சுப் பாப்பாங்களாம்."

"சந்தேகம் வந்தா கல்லுகிட்ட போறது நல்ல வழக்கம்தான். மனுஷன்கிட்ட கேட்டா பொய் சொல்லுவான்." ஃபென்னா தன் கையை நீட்டி அந்த இடைவெளியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்கு முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்த நீளம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதில் இல்காவுக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. வந்ததை அவள் கவனித்துவிட்டாள், வெட்கப்பட்டாள். ஆனால் சந்தோஷம் போகவில்லை.

பேராலயப் படிக்கட்டில் யோஸ்ட் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்கு நிறைய பீர் புட்டி மூடிகள். ஊரில் பாதி மதுக்கடைகளில் சொல்லிவைத்துச் சேர்த்தவை.

முப்பது வயது நிறைந்தும் கல்யாணமாகாத ஆணாக இருந்தால் இந்த ஊரில் அவன் பிறந்தநாளன்று பேராலயப் படிக்கட்டைப் பெருக்கியாக வேண்டும். அவன் பெருக்கப் பெருக்க நண்பர்கள் குப்பையைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமாகாத ஒருத்தி வந்து முத்தம் கொடுக்கும்வரை விடமாட்டார்கள். பெண்ணாக இருந்தால் பேராலயக் கதவின் கைப்பிடிகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இல்கா அதை இரண்டு வருடம் முன்பே செய்து முடித்துவிட்டாள். அன்றைக்கு ரெம்மர்தான் வந்து முத்தம் கொடுத்து அவளை விடுவித்தான். "அடுத்து எப்போ கல்யாணம்?" என்று கூட்டம் கத்தியபோது இருவருமே சிரித்தார்கள்.

"இப்ப முக்கியமான விஷயம்," என்றான் யோஸ்ட், விரல்களை நக்கிக்கொண்டு. "முத்தம் யாரு குடுக்கிறது?"

"ஏன், நான் இருக்கேனே."

"நீயா? தாயே, உன்னை அவன் விடுவிச்சு ரெண்டு வருஷமாச்சு. நீ இன்னும் கல்யாணமாகாமத்தான் நிக்கிற. வேலை செய்யாத மருந்தை யாராவது மறுபடி குடிப்பாங்களா? வீட்டு ஆள் செல்லாது."

ஃபென்னா சத்தமாகச் சிரித்தாள். இல்காவும் சிரித்தாள். அந்தக் கேலியின் முனை உள்ளே போய் நின்றதை மற்ற இருவரும் பார்க்கவில்லை.

"எங்க தெரு பேக்கரில ஒரு பொண்ணு இருக்கா," என்றான் யோஸ்ட். "பத்து யூரோ குடுத்தா வந்துடுவா. இல்லேன்னா என் பெரியம்மா. அவங்களும் கல்யாணம் பண்ணிக்கல, எழுபத்தஞ்சு வயசு, ஆனா மீசை கொஞ்சம் குத்தும்."

"ஃபென்னா குடுக்கட்டும்," என்றாள் இல்கா.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. யோஸ்டின் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவத்தில் இருந்த மரியாதையை இல்கா ஒரு மிடறு சூடான பானம்போல விழுங்கினாள். நான் எவ்வளவு பெரிய மனசுக்காரி, பாருங்கள். எவளோ ஒருத்தியை இல்லை, இவளையே நிற்கவைக்கிறேன். அந்த ஒரு நொடிச் சுகத்துக்காக மனிதர்கள் என்னென்ன கொடுத்துவிடுகிறார்கள் என்று பிறகு அன்று முழுக்க அவள் நினைத்தாள்.

"நானா?" ஃபென்னா இல்காவைப் பார்த்தாள். தேவைக்குச் சற்று அதிகமாகவே பார்த்தாள். "நிஜமாத்தான் சொல்றியா?"

"ஏன், அவனை உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கிறது வேற விஷயம். கன்னிப்பொண்ணுதான் குடுக்கணும்னு எங்க ஊர்ல பேசிக்குவாங்களே?"

"இந்த ஊர்ல அதை யாரும் சோதிச்சுப் பாக்குறதில்ல," என்றான் யோஸ்ட். "சோதிச்சா பெருக்கிப் பெருக்கியே படிக்கட்டு முழுக்க ஆம்பளைங்க முதுகு வளைஞ்சு செத்துக் கிடப்பானுங்க."

*

அன்று சாயங்காலம் ரெம்மரும் ஃபென்னாவும் சமையலறையில் அவர்கள் ஊர் முறைப்படி டீ போட்டார்கள். கோப்பையில் கற்கண்டு, அதன்மேல் டீ, ஓரமாக ஒரு சொட்டு பாலாடை. அதைக் கலக்கவே கூடாது. முதல்முறை அவன் அம்மா வீட்டில் இல்கா கரண்டியைப் போட்டுக் கலக்கிவிட்டாள், மேசையே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், கெட்டதில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் அவர்கள் டீயைக் குடிப்பதில்லை, காப்பிதான்.

முதல் கோப்பை முடிவதற்குள் அவர்கள் தங்கள் கிராமத்துப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். ரெம்மர் இடையிடையே திரும்பி, "அது ஒண்ணுமில்ல, எங்க வாத்தியார் ஒருத்தரைப் பத்தி," என்று அவளுக்கு விளக்கினான். விளக்கும்போது கதையில் இருந்த சிரிப்பு எங்கோ விழுந்துவிட்டது. மூன்றாவது விளக்கத்தில் இல்கா எழுந்தாள். "சட்டை தேய்க்கணும், நீங்க பேசுங்க."

மாடியில் அந்தச் சின்ன அறை. ஒரு துணி தேய்க்கும் பலகை, ஒரு நாற்காலி, கொல்லைப்புறத்துச் செங்கல் சுவரைப் பார்க்கிற ஜன்னல். அறையில் அவள் செய்வது எதுவுமில்லை. வேலை முடிந்து வந்து சில மாலைகளில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். காது கேட்கும் கருவிகள் பொருத்தித் தரும் கடையில் நாள் முழுக்க மற்றவர்களுக்காகக் கவனித்துவிட்டு வந்து, எதையும் கவனிக்காமல் உட்கார ஓர் இடம். இதை ரெம்மரிடம் சொன்னால் புரிந்துகொள்வான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் இது உண்மையான காரணமா? யோஸ்டின் பெரியம்மா கோடைவரை தங்குவதாக இருந்தால் அறையைக் கொடுத்திருப்பாள், தலையணை உறைகூடத் தேய்த்துப் போட்டிருப்பாள்.

கீழேயிருந்து குரல்கள் வந்தன. சொற்கள் புரியவில்லை. புரியாததால் வெறும் ஒலி மட்டும் வந்தது, அதைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. ரெம்மரின் குரல் அந்தப் பேச்சில் தாழ்ந்திருந்தது. நெஞ்சிலிருந்து வந்தது. வீட்டில், அலுவலகத்தில், அவளோடு படுக்கையில்கூட அவன் பேசும் குரல் அதைவிடச் சற்று உயரத்தில், தொண்டையில் இருக்கும். ஏழு வருடமாக அவன் தன்னோடு விருந்தாளிக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறான் என்று இல்காவுக்குத் தோன்றியது. தோன்றியது அநியாயம் என்றும் தெரிந்தது. சட்டைக் கழுத்தை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் என்ன செய்துவிடுவார்கள் என்று அவள் பயப்படவில்லை. அப்படிப் பயந்தால் சுலபம். கைபேசியை நோண்டலாம், சட்டையை முகரலாம். இது அப்படி நோண்டிக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை.

*

சனிக்கிழமை காலை ரெம்மருக்கு எங்கிருந்தோ பிடித்துவந்த வால் வைத்த கறுப்புக் கோட்டையும் உயரத் தொப்பியையும் மாட்டினார்கள். யோஸ்ட் கொடுத்த துடைப்பத்தில் பாதி நார் பிடுங்கப்பட்டிருந்தது. வாடகைக்கு எடுத்த இசைப்பெட்டியின் கைப்பிடியை அவன் அலுவலகத்து ஆள் ஒருவன் சுற்றினான், அது ஒரே பாட்டை மூச்சுத் திணறத் திணறப் பாடியது. சந்தைக்கு வந்தவர்கள் கூடைகளோடு நின்றுவிட்டார்கள்.

"மூலையில பாரு, மூலையில! உங்க அம்மா இப்படியா பெருக்கக் கத்துக்குடுத்தா?"

"நகராட்சில சம்பளம் வாங்குறவன்டா இவன். குனிஞ்சு பழக்கமே இல்ல."

ரெம்மர் ஒரு படியைப் பெருக்கி முடித்ததும் யோஸ்ட் மேலே நின்று இன்னொரு கை மூடிகளைக் கொட்டினான். கலகலவென்று அவை படிக்குப் படி குதித்து இறங்கின. முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு நின்ற ஒரு கிழவி இல்காவின் விலாவில் இடித்தாள்.

"மாப்பிள்ளை நல்லா இருக்கானே. யாரும் கட்டிக்கலையாமா?"

"என்கூடத்தான் இருக்கான்."

"அட, அப்ப போய் முத்தம் குடு! மழை வரப்போகுது."

"நான் குடுத்தா செல்லாதாம்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யார் சொன்னா?" என்றாள்.

 அதற்குள் யோஸ்ட் கை தட்டி, "ஆச்சு, ஆச்சு, விடுதலை நேரம்!" என்று கத்தினான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஃபென்னா வந்து படியேறினாள்.

"நீயா?" என்றான் ரெம்மர். முகம் முழுக்கச் சிரிப்பு.

பிறகு நடந்ததைக் கூட்டத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவன் துடைப்பத்தை இடது பக்கம் நீட்டினான், எங்கே நீட்டுகிறோம் என்று பார்க்காமல். அவள் வாங்கிக்கொண்டாள், அவளும் பார்க்கவில்லை. இருவர் கண்களும் ஒருவர் மற்றவர் முகத்தில் இருந்தன, சிரித்துக்கொண்டு. படகில் கயிறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதுபோல அது போய்ச் சேர்ந்தது.

வீட்டில் ரெம்மர் இல்காவிடம் எதையாவது கொடுத்தால், ஒரு தட்டோ காப்பிக் கோப்பையோ, "பிடிச்சியா?" என்று கேட்பான். அவள் "பிடிச்சேன்" என்று சொன்ன பிறகுதான் விடுவான். வந்த புதிதில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நடுவில் விழுந்து உடைந்தது, அன்றிலிருந்து அப்படி. அதை அவள் அன்பு என்றுதான் எண்ணியிருந்தாள். அன்புதான்.

முத்தம் வந்தது. உதட்டோரத்தில், சட்டென்று, பெரிய சத்தத்தோடு. கூட்டம் ஆரவாரித்தது. முத்தத்துக்கு இல்கா இரவெல்லாம் தன்னைத் தயார்செய்து வைத்திருந்தாள், அது அவளை ஒன்றும் செய்யவில்லை. துடைப்பத்துக்கு அவள் தயாராக இல்லை.

ரெம்மர் படியிறங்கி வந்து, வியர்வையும் புழுதியுமாக அவளைக் கட்டிக்கொண்டான். "இதெல்லாம் உன் வேலையா? யோஸ்ட் சொன்னான்."

"என் ஆளா இருந்தா கண்ணைப் பிராண்டியிருப்பா," என்றான் யோஸ்ட். "இவ பாரு, தானே ஏற்பாடு பண்றா."

"நான்தான் சொல்லியிருக்கேனே," ரெம்மரின் கை அவள் தோளுக்கு வந்தது. "இல்காவுக்குப் பொறாமையே கிடையாது."

அந்தக் கை கனத்தது. ஒருவரைப் புகழ்ந்து புகழ்ந்து ஒரு மூலையில் நிறுத்திவிட முடியும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அங்கிருந்து நகர்ந்தால், நகர்ந்தவள் மேல்தான் குற்றம்.

*

மதியம் ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் எல்லோரும் கீரையும் தொத்திறைச்சியும் தின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே, ஒரு காலத்தில் கப்பல்கள் வரிசையாக நின்று சரக்கு இறக்கிய கரையில் இப்போது மடித்துவைத்த குடைகளும் நனைந்த நாற்காலிகளும் நின்றன. காற்று வேண்டும் என்று இல்கா வாசல் தாழ்வாரத்துக்கு வந்தாள். கொஞ்சநேரத்தில் ஃபென்னாவும் வந்து பக்கத்தில் நின்றாள். இழுவைப் படகு ஒன்று ஆற்றில் எதிரேறிப் போவதை இருவரும் பார்த்தார்கள்.

"நேத்து நீ என் பேரைச் சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு," என்றாள் ஃபென்னா. "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"என்ன ஏன்? ஒருகாலத்துல கட்டிக்கறியான்னு அவன் கேட்டவளாச்சே நான். இருபத்திரண்டு வயசுல, ரெண்டு பேரும் மூக்கு ஒழுகிக்கிட்டு, கரைமேட்டுல நின்னு. நான் முடியாதுன்னுட்டேன். கப்பல்ல போகணும்னு இருந்துச்சு. பாவம், ஒரு மாசம் என்கூடப் பேசல." அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் நிறுத்தினாள். "அவன் சொல்லியிருப்பானே?"

"ஆமா, சொல்லியிருக்கான்," என்றாள் இல்கா.

கடைக்கு வருகிற கிழவர்கள் பலர், கேட்காததைக் கேட்டதுபோலத் தலையாட்டுவார்கள். இமை ஒரு கணம் தாமதிக்கும், புன்னகை முந்திக்கொண்டு வரும். அந்த முகத்தை இல்கா வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது அதே முகம் தன்னிடம் இருப்பதை உள்ளிருந்து உணர்ந்தாள். ஃபென்னாவும் கண்டுபிடித்திருக்க வேண்டும். "சரி, உள்ள போலாம், குளிருது," என்றாள், வேறு பக்கம் பார்த்து.

கேட்டிருக்கிறான். ரெம்மர் ஒருத்தியிடம் கேட்டிருக்கிறான்.

கல்யாணம் வெறும் காகிதம் என்று அவன் சொல்லுவான். அதை அவள் ஒத்துக்கொண்டிருந்தாள். தன் அம்மாவிடம், அக்காவிடம், கடையில் உடன் வேலை செய்பவளிடம், தன் சொந்தக் கருத்துப்போல ஏழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் வெறும் காகிதம்மா." இப்போது பார்த்தால், அது கருத்தே இல்லை. வேறொருத்தி தந்த காயத்தின் மேல் வளர்ந்த தோல். அதைத்தான் அவள் கடன் வாங்கிப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

மேசைக்குத் திரும்பியபோது ரெம்மர் அவள் தட்டில் கடைசித் தொத்திறைச்சித் துண்டை எடுத்துவைத்திருந்தான். அவளுக்குப் பிடிக்கும் என்று. அவள் அதைத் தின்றாள். தொண்டையில் இறங்கியது. இப்படி ஒருவனிடம் கோபப்பட ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லையே என்று தோன்றியது. பொறாமைக்குக் காரணம் தேவையில்லை, அது தானாகவே போதுமானதாக இருக்கிறது. இத்தனை நாள் அதைத் தணிக்க அவள் ஒரு குறையைத் தேடிக்கொண்டிருந்தாள். குண்டு, பல், எச்சில். இவளிடம் எந்தக் குறையும் இல்லை. குறை இல்லாதது மன்னிக்க முடியாததாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஃபென்னாவின் பை வாசலருகில் கட்டித் தயாராக இருந்தது, மதிய வண்டிக்கு. மேசையில் முந்தையநாள் மிஞ்சிய வெண்ணெய்க் கேக். ரெம்மர் அவர்கள் ஊர் டீயைப் போட்டு, இல்காவுக்குத் தனியாகக் காப்பி வைத்தான். "பிடிச்சியா?" என்றான். "பிடிச்சேன்," என்றாள்.

"முதுகு ஒடியுது," என்றான் அவன், உட்கார்ந்து. "ராத்திரி கனவுல எல்லாம் மூடி மூடியா விழுது."

"கிழவனாயிட்ட. அவ்வளவுதான்," என்றாள் ஃபென்னா.

"நீ மட்டும் குமரியா? நெத்தியைப் பாரு, பனி பெஞ்சிருக்கு." அவன் சிரித்துக்கொண்டே இல்கா பக்கம் திரும்பினான். "ஆ, மறந்தே போச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அந்தச் சின்ன ரூம். ஃபென்னாகிட்ட சரின்னு சொல்லிடவா?"

"டேய், இப்பவே எதுக்கு?" ஃபென்னா கேக்கை வெட்டுவதில் மும்முரமானாள். "அவளை நிம்மதியா காப்பி குடிக்க விடு. நான் வேற இடமும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? கட்டில் யோஸ்ட் தரான். அடுத்த வாரமே போட்டுடலாம்."

இந்த வாரம் முழுக்க இல்கா காரணங்களைத் தயாரித்து வைத்திருந்தாள். அந்த அறை ஈரம். அக்கா கோடையில் வரலாம். வேலைக்காகப் படிக்க இடம் வேண்டும். எல்லாமே நல்ல காரணங்கள், துவைத்து மடித்து அடுக்கியவை. இப்போது கையை நீட்டினால் எதுவும் கைக்கு வரவில்லை. மேசைமேல் மூன்று பேருடைய கோப்பைகள் இருந்தன, மூன்றிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

ரெம்மரின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை. "கட்டிலா வேண்டாம்?"

"ஃபென்னா அந்த ரூம்ல தங்க வேண்டாம், ரெம்மர்."

ஃபென்னா கத்தியைத் தட்டோரத்தில் வைத்தாள். "சரி," என்றாள், உடனே. அதில் வருத்தம் இருந்தது, ஆனால் ஆச்சரியம் இல்லை. முதல்முறையாக இல்காவுக்கு அவளை முழுதாகப் பிடித்துப்போனது. அது எதையும் மாற்றவில்லை.

ரெம்மர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்களில் எதுவோ சரியத் தொடங்குவது தெரிந்தது. அதைத் தாங்கிப்பிடிக்க அவன் அவசரமாக ஒரு ஊன்றுகோலைத் தேடினான், கண்டும் பிடித்தான்.

"ரூம் ரொம்பச் சின்னதுன்னு பாக்குற. கட்டில் போட்டா நிக்கவே இடம் இருக்காது, ஃபென்னாவுக்குத்தான் கஷ்டம். அதைத்தானே சொல்ற?" குரல் தொண்டையில் இருந்தது, கெஞ்சுகிற உயரத்தில். "அதனாலதானே, இல்கா?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். மூன்று பேரும் கேக் தின்னலாம். ரயில் நிலையத்தில் கட்டிக்கொள்ளலாம். மாலையில் அவன் யாரிடமாவது போனில் பேசும்போது அவள் தோளில் மறுபடி அந்தக் கை வந்து உட்காரும்.

"இல்ல," என்றாள் இல்கா, மெதுவாக. "அதனால இல்ல."